பதினாலு பாகத்தில் ஒரு பழைய கரை

வணக்கம் ஐயா,

தூத்துக்குடியில் முதுகலை நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக நானும் இரண்டு நண்பர்களும் புன்னைக்காயலிலிருந்து நேர் கிழக்கே வள்ளத்தில் போய் 5, 10, 15, 20, 25 மீட்டர் ஆழங்களில் வான் வீன் கிராப் (கயிற்றில் இறக்கிக் கடலடி மண்ணை இரண்டு தாடையால் அள்ளும் இரும்புக் கருவி) போட்டு மாதிரி எடுத்தோம். கரையை விட்டுப் போகப் போகத் துகள் சிறுத்துக்கொண்டே போகும் என்றுதான் படித்திருக்கிறோம். 15 மீட்டர் வரை அப்படித்தான் இருந்தது. 20-லும் 25-லும் பழுப்பேறிய சிப்பித் துண்டுகளோடு ரவை போலப் பருமணல் வந்தது. சேறு இல்லவே இல்லை என்று சொல்லலாம். எடுத்த விதம் தப்பு, மறுபடி எடுங்கள் என்கிறார்கள். ஒரு நாள் வள்ள வாடகையே எங்களுக்குப் பெரிது. இந்த மாதிரிகளை நம்பலாமா?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

நம்பலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் சேறு வழியில் ஒழுகிப் போகவில்லை என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும்.

போகப் போகச் சிறுக்கும் என்ற விதி, கடல்மட்டம் நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்று, ஆறு கொண்டுவந்ததை அலை நிதானமாகப் பிரித்துப் போட்டிருந்தால் சரி. கடல் அப்படி நிற்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. பிறகு ஏறி ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் இன்றைய நிலைக்கு அருகில் வந்தது. நீங்கள் கிராப் இறக்கிய 25 மீட்டர், கடலோடிகள் கணக்கில் பதினாலு பாகம், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அலை புரண்ட கரை. கடல் ஏறியபோது அந்தக் கரைமணல் கிடந்த இடத்திலேயே முழுகிவிட்டது. அதை மூடும் அளவுக்குப் புது வண்டல் அங்கே போய்ச் சேராவிட்டால் இன்றும் அது மேலேதான் கிடக்கும். ரெலிக்ட் மணல் என்பது இதைத்தான். உலகக் கண்டத்திட்டுகளின், அதாவது கண்டங்களை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின், பரப்பில் சுமார் 70 விழுக்காடு இத்தகைய பழைய படிவு என்று கடல் நிலவியலாளர் கே. ஓ. எமரி 1968-லேயே கணக்கிட்டு எழுதினார். ஆகவே உங்கள் பருமணலைக் கண்டு யாரும் திகைக்க வேண்டியதில்லை.

இனி கிராப். தாடைக்கு நடுவே ஒரு சிப்பி சிக்கினால் போதும், வாய் முழுக்க மூடாது. மேலே இழுக்கும்போது உள்ளே இருக்கும் நீர் அந்த இடுக்கு வழியாக ஊற்றும். முதலில் போவது களிமண், அடுத்தது வண்டல், பிறகு மிக நுண்மணல். மேலே வந்து சேர்வது கழுவிய பருமணல். பருமணலில் சிப்பி அதிகம் என்பதால், எங்கே சந்தேகம் வருமோ அங்கேதான் இந்தக் கோளாறும் அடிக்கடி நேரும். வாய் முழுதாக மூடாமல் வந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி போட வேண்டும், வேறு வழியில்லை. தரைக்கு மேலே கடைசி ஐந்து மீட்டரில் கயிற்றை மெதுவாக விடுங்கள், நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். வேகமாக இறங்கும் கிராப் தனக்கு முன்னால் தள்ளும் நீரே, பஞ்சு போல மேலே படிந்திருக்கும் சேற்றை விரட்டிவிடும். மேலே வந்ததும் மூடியைத் திறந்து, தேங்கிய நீரைச் சிறு குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். கிராப்பைச் சாய்த்து ஊற்றக் கூடாது. இரும்புச் சுவரில் ஒட்டியதை விட்டுவிட்டு, நடுவிலிருந்து மேல் இரண்டு சென்டிமீட்டரை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். ஜிபிஎஸ் எண்ணைக் கயிறு தொய்கிற கணத்திலேயே குறிக்க வேண்டும். கிராப் வள்ளத்துக்கு வரும்வரை காத்திருந்தால் நீரோட்டம் உங்களை நகர்த்தியிருக்கும்.

இதையெல்லாம் அன்று செய்தோமா என்று நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை. மறுபடி கடலுக்குப் போகாமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 25 மீட்டர் மாதிரியிலிருந்து முழுதாக இருக்கும் சின்னச் சுருள் சிப்பிகள் பத்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக உடைத்து, பத்து மடங்கு லென்ஸில் உள்வளையைப் பாருங்கள். கிராப் எவ்வளவு ஒழுகினாலும் அந்த வளைவுக்குள் அடைந்த சேறு சுலபத்தில் போகாது. பத்திலும் சாம்பல் நிறச் சேறு அடைத்திருந்தால் உங்கள் எண்களைச் சந்தேகிக்க இடமுண்டு. பத்திலும் சுத்தமான மணல்தான் இருந்தால் அந்தத் தரையே மணல்தான் என்று தைரியமாக எழுதலாம். அடுத்து குவார்ட்ஸ் மணிகளைப் பாருங்கள். குழிகளில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்பு, மணியின் முனைகளில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தால், அந்த மணல் ஒரு காலத்தில் காற்றுபட வெளியே கிடந்ததற்கு அது நல்ல அடையாளம். ஒழுகும் கிராப்பால் சேற்றைக் குறைக்க முடியும். பழுப்பை உண்டாக்க முடியாது. கழிமுகச் சேற்றில் வாழும் சிப்பி வகை ஏதாவது 25 மீட்டரில் கிடைத்தால் அதுவும் பழைய கரைக்குச் சாட்சி, தனியாக எடுத்து வையுங்கள்.

ஆய்வகத்தில் எண் கெடும் இடங்கள் வேறு. முதலில் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அது எடையைக் கூட்டும், களிமண்ணையும் திரளவைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, தெளிந்த நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை படராத வரைக்கும் கழுவுங்கள். 60 டிகிரியில் உலர்த்துங்கள். 105-க்குப் போனால் களிமண் ஓடு போல இறுகிவிடும். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் ஈரமாகச் சலித்து மணலையும் சேற்றையும் பிரியுங்கள்.

சேற்றுக்குப் பிப்பெட் முறை, அதாவது சேற்றை நீரில் கலக்கிவிட்டுக் குறித்த நேரத்தில் குறித்த ஆழத்திலிருந்து உறிஞ்சி எடை போடும் முறை, என்றால் இரண்டு பிழைகளைக் கவனியுங்கள். களிமண் திரளாமல் இருக்க லிட்டருக்கு 5 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் போடுகிறீர்கள் என்றால், 20 மில்லி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் 0.1 கிராம் அந்த உப்புதான். ஒரு லிட்டர் சிலிண்டரில் மொத்தம் 15 கிராம் சேறு இருந்தால் 20 மில்லியில் வருவது அதிகம் போனால் 0.3 கிராம். கழிக்க மறந்தால் விடையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கும். அடுத்தது வெப்பம். 2 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க 20 டிகிரியில் ஏறத்தாழ ஏழே முக்கால் மணி நேரம் ஆகும். தூத்துக்குடி மே மாதத்து 30 டிகிரி நீரில் ஆறு மணி பத்து நிமிடம் போதும். புத்தகத்து அட்டவணையை அப்படியே பார்த்து எடுத்தால் களிமண் குறைவாகவே கிடைக்கும்.

உங்கள் கடலில் சிப்பிதான் பெரிய சிக்கல். தட்டையான சிப்பித் துண்டு சல்லடையில் பருமணலாக நிற்கும். அலைக்கோ அது அதே அளவு மணியைவிட லேசானது. எனவே மாதிரியை இரண்டாகப் பங்கிட்டு, ஒன்றை அப்படியே சலியுங்கள். மற்றதில் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, நுரை அடங்கிய பின் கழுவி உலர்த்தி எடை போட்டுவிட்டுச் சலியுங்கள். இரண்டின் துகள் அளவு வளைவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரையுங்கள். இரண்டு முகடு தெரிந்தால் சராசரித் துகள் அளவை எழுதாதீர்கள். பழைய மணலையும் புது வண்டலையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் அளவில் ஒரு மணிகூட அங்கே இல்லாமல் இருக்கலாம். முகடுகளைத் தனித்தனியே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய மணல் என்றால் அசையாத மணல் என்று எழுதிவிட வேண்டாம். 8 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 100 மீட்டர். அதில் பாதி, அதாவது 50 மீட்டர் ஆழம் வரை அது எட்டும். தெற்கிலிருந்து வரும் நெடிய அலைகள் இன்னும் ஆழம் வரை எட்டும். உங்கள் 25 மீட்டர் மணல் இன்றும் புரளுகிறது. முத்துக்குளித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: மணல் நகர்ந்து, முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டான ‘பார்’ மீது மூடினால் சிப்பி அழியும். நகரும், ஆனால் புதிதாக வந்து சேராது. ஆகவே அங்கே தோண்டி எடுத்த மணலை, புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி திருப்பித் தரும் என்று யாராவது சொன்னால், உங்கள் மாதிரிகள்தான் அதற்கு மறுப்பு. ஆய்வேட்டில் இதைத் தெளிவாக எழுதுங்கள்.

கிராப் வெறுமையாக வந்த இடங்கள் குறிப்பேட்டில் இருந்தால் அடித்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் மூன்று முறை வெறுமையாக வந்திருந்தால் அங்கே பார் இருக்க வாய்ப்பு அதிகம். வரைபடத்தில் அதற்கும் ஒரு குறி வேண்டும். 25 மீட்டர் மாதிரி முழுவதையும் அமிலத்தில் போட்டுவிடாமல், ஒரு கைப்பிடியைக் கழுவி உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். பின்னாளில் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்ப முடிந்தால் ஒற்றைச் சிப்பியாக அனுப்புங்கள், பல துண்டுகளைக் கலந்து அனுப்பாதீர்கள்.