சர்க்கரை சேர்க்காமல் வீட்டிலேயே பழ ஐஸ் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் வழக்கமான செய்முறையிலிருந்து சர்க்கரையை மட்டும் நீக்கிவிட்டால் சரியாக வராது என்பதை ஒரு முழுத் தர்பூசணியை வீணாக்கிய பிறகே நான் கற்றுக்கொண்டேன். நீரிழிவு உள்ள என் தந்தைக்காகச் சென்ற கோடையில் அதன் சாற்றை வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃபிரீசரில் வைத்தேன். மறுநாள் கரண்டிதான் வளைந்ததே தவிர, ஐஸ் அசையவில்லை.

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. கரைந்த சர்க்கரை நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால், ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் நீரின் ஒரு பகுதி உறையாமல் பாகாகவே நின்று, பனித்துகள்கள் ஒரே கட்டியாக இறுகிவிடாமல் காக்கிறது. தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். 100 கிராமுக்குச் சர்க்கரை ஏறத்தாழ 6 கிராம். வாழைப்பழத்தில் அது 12 கிராம் அளவிலும், மாம்பழத்தில் 14 கிராம் அளவிலும் இருப்பதோடு, இரண்டின் சதையிலும் உள்ள பெக்டின் என்னும் நார்ச்சத்து கூழுக்குக் குழைவையும் தருகிறது. ஆகவே சாற்றை விட்டுவிட்டுச் சதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். தோலில் கரும்புள்ளிகள் விழுந்த மோரிஸ் வாழைப்பழம் இரண்டையும், நன்கு பழுத்த பங்கனப்பள்ளி மாம்பழம் ஒன்றையும் சிறு துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி இரவு முழுவதும் உறைய விடுகிறேன். காயாக இருக்கும் வாழைப்பழத்தில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது என்பதால் அது இனிக்காது, துவர்க்கும். நாரில்லாத மாம்பழமாகப் பார்த்து வாங்குவது நல்லது. நார் பல்லில் சிக்கினால் ஐஸின் சுகமே போய்விடும். மறுநாள் துண்டுகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்திருந்து, அரை மூடி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி அரைக்கிறேன். முதலில் மணல்போல உதிரும். அந்தக் கட்டத்தில் பொறுமையிழந்து தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. ஓரத்தை வழித்துவிட்டு மேலும் அரைத்தால் திடீரென்று வெண்ணெய்போலத் திரண்டு வரும். மிக்ஸி மிகவும் திணறினால் இரண்டு கரண்டி கெட்டியான தேங்காய்ப்பால் விடலாம்.

குளிர்ச்சியில் நாவுக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். எனவே உறைய வைக்கும் முன்பே ஒரு துண்டைச் சுவைத்துப் பார்த்து, சற்றுத் திகட்டும் அளவுக்கு இனித்தால் மட்டுமே அந்தப் பழத்தைப் பயன்படுத்துகிறேன். அரைத்தவுடன் பரிமாறிவிடுவது உத்தமம். மீந்ததை மீண்டும் உறைய வைத்தால் இறுகிவிடும், பத்து நிமிடம் வெளியில் வைத்துத்தான் எடுக்க முடியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நாம் சர்க்கரை சேர்க்கவில்லையே தவிர, பழத்தின் சர்க்கரை முழுவதும் இதில் இருக்கிறது. என் தந்தைக்கு மருத்துவரைக் கேட்டு, உணவோடு இரண்டு தேக்கரண்டி மட்டுமே கொடுக்கிறோம். அவர் மூன்றாவதைக் கேட்பதும் என் தாயார் முறைப்பதும் வழக்கமாகிவிட்டது.

தர்பூசணியையும் நான் கைவிடவில்லை. சாற்றை அகன்ற தட்டில் மெல்லியதாக ஊற்றி, அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிக்கொண்டே வந்தால், இத்தாலியின் சிசிலித் தீவினர் கிரானிட்டா என்று அழைப்பதைப் போன்ற பூத்தூள் ஐஸ் கிடைக்கிறது. ஏப்ரல் மாத வெயிலில் எனக்கு அதுவே மாம்பழ ஐஸைவிடப் பிடித்திருக்கிறது.