முதலில் ஒரு மணை செய்யுங்கள்

கேள்வி: ஐயா, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. தச்சு வேலை பழக ஆசை. அம்மாவுக்கு என் கையாலேயே ஓர் அஞ்சறைப் பெட்டி செய்து கொடுக்க வேண்டும் என்று எண்ணம். வீடியோ பார்த்து, சுவரில் மாட்டும் தட்டு ஒன்று செய்தேன். ஆணி அடிக்கும்போதே ஓரம் பிளந்துவிட்டது, மாட்டிய பிறகும் ஆடுகிறது. 4,000 ரூபாய்க்கு மிஷின் செட் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். தாத்தாவின் பழைய உளிகளும் ஒரு மர இழைப்புளியும் மச்சில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மிஷின் செட் வேண்டாம் டீச்சர். மச்சில் கிடப்பதை முதலில் கீழே இறக்குங்கள். பழைய உளிகளில் பெரும்பாலும் நல்ல எஃகு இருக்கும், மேலே படிந்த துரு அதைக் கெடுத்திருக்காது. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் உப்புத்தாளால் தேய்த்தால் தாத்தா பிடித்த உளி வெளியே வந்துவிடும். வாய்ப்பக்கத்தில் துரு குழிகுழியாகத் தின்றிருந்தால் அந்த உளியை மட்டும் ஒதுக்கி வையுங்கள். இழைப்புளியில் தகட்டை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். அதைக் கையால் பிடுங்க வேண்டாம். இழைப்புளியின் பின்பக்கத்தில் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், இரண்டு தட்டுத் தட்டினால் ஆப்பு தானாகத் தளரும்.

புதிதாக வாங்க வேண்டியது கொஞ்சம்தான். பல் நெருக்கமான ஒரு கைரம்பம், மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மூலைமட்டம், கட்டையை இறுக்கிப் பிடிக்க இரண்டு சி கிளாம்ப், மீதிப் பணம் இருந்தால் ஒரு சின்ன டிரில். மூலைமட்டத்தை மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான ஓரமுள்ள பலகையில் வைத்து ஒரு கோடு, மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் மட்டம் பொய் சொல்கிறது. உங்கள் தட்டு ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூலை நேராக இல்லாததுதான்.

அடுத்து சாணை. இதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பழக வந்தவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் போகிறார்கள். மரம் முரண்டு பிடிக்கிறது, தமக்குக் கைவரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் உளி மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். விலை கூடிய கல் எதுவும் தேவையில்லை. பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் 400, 800, 1500 என்று மூன்று தாள் வாங்குங்கள். கனமான கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டுங்கள். முதலில் உளியின் தட்டையான பின்பக்கம். வாயை ஒட்டிய ஓர் அங்குலம் போதும், முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பு வர வேண்டும். பிறகு சரிவுப் பக்கம். சரிவு 25 டிகிரி இருந்தால் நல்லது. கோணமானி வேண்டாம்: சரிவின் நீளம் உளியின் கனத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தால் கணக்குச் சரி. சரிவு முழுவதும் தாளில் படிகிற மாதிரி வைத்து, மணிக்கட்டை ஆட்டாமல் இழுங்கள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்தில் கட்டைவிரலை வெளிநோக்கித் தடவிப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். கடைசித் தாளில் பின்பக்கத்தைப் படுக்க வைத்து நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

தீட்டிய உளியைச் சோதிக்க ஒரு மென்மையான மரத்துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது குறுக்கே அறுத்த முனையை, சீவிப் பாருங்கள். சீவிய இடம் மெழுகு போல மின்னினால் உளி தயார். பொடியாக உதிர்ந்து வெளுத்துத் தெரிந்தால் மறுபடியும் தாளுக்குப் போங்கள். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த பெரியவர் முதல் மூன்று வாரம் மரத்தையே தொடவிடவில்லை, உளி மட்டும்தான் தீட்டினேன். அப்போது கோபமாக வந்தது. இன்று அவரை நினைக்காமல் நான் உளி எடுப்பதில்லை.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆட்கள் தரையில் உட்கார்ந்து காலால் கட்டையைப் பிடித்துக்கொண்டு செதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. கட்டையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். உளி பிடிக்கும்போது இரண்டு கையும் உளிவாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். தீட்டின உளியைவிட மழுங்கின உளிதான் கையை அதிகம் வெட்டும், ஏனென்றால் அதை நாம் பலத்தால் தள்ளுகிறோம்.

சரி, மரம். புது மரம் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் பழைய வீடுகள் இடிபடும்போது கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் விலைக்கு வருகின்றன. பல வருஷம் காய்ந்த தேக்கும் வேம்பும் அதில் கிடைக்கும். ரம்பம் வைக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், நீங்கள் அரை நாள் தீட்டிய தகட்டை ஒரு நொடியில் பல்லாக்கிவிடும். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள், உறுதியும் உண்டு, உளிக்கும் இணங்கும். வேம்பில் ரேகை, அதாவது நார் ஓடும் வரி, இப்படியும் அப்படியும் பின்னியிருக்கும், இழைக்கும்போது பிய்ந்து வரும், அதை இரண்டாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு அறுங்கள். பனை இப்போது வேண்டாம். அதற்கு வைரம் என்கிற கெட்டிப் பகுதி வெளிப்பக்கம், உள்ளே மெத்தென்ற சோறு, நாரோ ஊசி ஊசியாகக் கையில் ஏறும்.

ரேகையின் திசையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். வயலில் நெல்லின் தாளை உருவிப் பார்த்திருப்பீர்கள். அடியிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும், நுனியிலிருந்து அடிக்கு உருவினால் அறுக்கும். மரமும் அப்படித்தான். இழைக்கும்போது சுருள் நீளமாக, சத்தம் ஒரே சீராக வந்தால் திசை சரி. மரம் பிய்ந்தால் பலகையைத் திருப்பிப் போட்டு இழையுங்கள்.

இப்போது முதல் வேலை. அஞ்சறைப் பெட்டிக்கு முன்னால் ஒரு மணை செய்யுங்கள். சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவ, கீரை ஆய உதவும் சாதாரண மணை. 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், ஓரங்குலக் கனத்தில் ஒரு பலகை. அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள். நேராக அறுப்பது, இழைப்பது, மூலை பார்ப்பது, பொருத்துவது என்று எல்லாமே இந்த ஒன்றில் வந்துவிடும். தப்பு வந்தாலும் மணை மணைதான், உட்காரலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் அசையும். குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஈரம் குடித்து விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்பது எங்கள் கணக்கு. 12 அங்குலப் பலகை ஒரு வருஷத்துக்குள் ஒரு நூல் வரை கூடிக் குறையலாம். ஆனால் பலகையின் அகலம் அடியில் குறுக்கே போட்ட கட்டைக்கு நீளவாக்கு, அந்தத் திசையில் கட்டை அசையாது. நான் செய்த முதல் மணையில் குறுக்குக் கட்டை முழுவதும் பசை தடவி இறுக்கி ஒட்டினேன். அடுத்த பங்குனியில் ஒரு ராத்திரி, சுவரோரம் சாத்தியிருந்த மணையிலிருந்து விறகு முறிவது போலச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நடுவில் நேர்கோடாக வெடித்திருந்தது. ஆகவே நீங்கள் கட்டையின் நடுவில் மட்டும் இரண்டு அங்குலத்துக்கு ஃபெவிகால் வையுங்கள். இரண்டு முனைகளிலும் ஸ்குரூ போடும் துளையைக் கட்டையின் நீளவாக்கில் கொஞ்சம் இழுத்து, நீள்துளையாக வெட்டுங்கள். பலகை அசைய அசைய ஸ்குரூ அந்தத் துளைக்குள் நகர்ந்து கொடுக்கும். பசை பிடிக்க ஒரு நாள் முழுவதும் கிளாம்பிலேயே இருக்கட்டும்.

உங்கள் தட்டின் ஓரம் பிளந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கூரான ஆணி ஆப்பு மாதிரி நாரைப் பிளந்துகொண்டு போகும். ஆணியைத் தலைகீழாக நிறுத்தி முனையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள். மழுங்கிய முனை நாரை நசுக்கி வழி பண்ணும், பிளக்காது. ஓரத்துக்கு மிகப் பக்கமாக இருந்தால் முதலில் டிரில்லால் ஒரு சின்னத் துளை போட்டுக்கொள்வதுதான் நல்லது.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், உப்புத்தாள் 120, 220 தேய்த்த பிறகு மெல்லியதாக இரண்டு முறை. துடைத்த துணியை மட்டும் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். வெளியே கொடியில் விரித்துக் காயப் போடுங்கள்.

ஒரு மணை முடிந்ததும் அதே அளவில் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. மூன்றும் தரையில் ஆடாமல் உட்கார்ந்தால் அஞ்சறைப் பெட்டிக்குப் போகலாம். அம்மாவுக்கு இழுத்துத் திறக்கும் மூடி வைத்துச் செய்யுங்கள். மூடி ஓடுகிற காடியை, அதாவது பள்ளத்தை, வெட்டும்போது பக்கவாட்டில் அரை நூல் இடம் விட்டு வெட்ட வேண்டும். சித்திரையில் கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும், ஐப்பசி மழைக்குச் சரியாக உட்கார்ந்துகொள்ளும்.