மண்ணில் பிளாஸ்டிக் தேடும் படிப்பு: கிருஷ்ணகிரி அப்பா ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறார். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் சேர்ந்து, மண்ணில் கலந்த நுண்பிளாஸ்டிக் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறார். உங்கள் மைத்துனரோ, "அந்தத் துறையில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள், அதை நம்பி ஐந்தாறு வருஷத்தைத் தொலைக்க வேண்டாம்" என்கிறார். அவர் சொல்லும் குறை உண்மைதான். அதனால் அந்தப் பக்கமே போகக்கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை.

உங்கள் தக்காளித் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். களை வராமல் மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பான மல்ச்சிங் ஷீட் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அறுவடை முடிந்து ஷீட்டை உருவும்போது கிழிந்து, துண்டு துண்டாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது. வெயிலிலும் உழவிலும் நொறுங்கி 5 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது நுண்பிளாஸ்டிக். ஒரு கிலோ மண்ணில் இப்படி எத்தனை துகள் இருக்கிறது? கேள்வி எளிதுதான். தண்ணீர் என்றால் வடிகட்டிப் பார்த்துவிடலாம். மண்ணில் களிமண்ணும், மட்கு எனப்படும் மக்கிய இலைதழையும், வேர்த்தூளும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முதலில் மண்ணை உப்புக் கரைசலில் கலக்கி, மிதப்பதை எடுப்பார்கள். சாப்பாட்டு உப்பு மலிவு, ஆபத்தும் இல்லை. ஆனால் அது எவ்வளவு கரைந்தாலும் கரைசலின் அடர்த்தி 1.2 அளவில் நின்றுவிடும் (தண்ணீருக்கு 1). உங்கள் மல்ச்சிங் ஷீட்டின் பாலித்தீன் 0.9 சொச்சம் என்பதால் மிதந்து வந்துவிடும். சொட்டுநீர் மெயின் லைனின் பி.வி.சி., தண்ணீர் பாட்டிலின் பெட் இரண்டும் 1.38 பக்கம், மணலோடு அடியில் போய்விடும். சாப்பாட்டு உப்பை வைத்துச் சோதித்த லேப் அறிக்கையில் "பி.வி.சி. இல்லை" என்று இருந்தால், அது மண்ணில் இல்லையா, முறையில் சிக்கவில்லையா என்று சொல்ல முடியாது. துத்தநாக குளோரைடு, சோடியம் அயோடைடு கரைசல்கள் 1.5க்கு மேல் போகும். ஆனால் முன்னது அரிக்கும், கழிவை எங்கே கொட்டுவது என்ற கவலையும் உண்டு. பின்னது விலை அதிகம்.

அடுத்து மட்கைக் கரைக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் மெதுவாகக் கரையும். அவசரப்பட்டு வீரியமான நைட்ரிக் அமிலம் ஊற்றினால் நைலானும் சேர்ந்து போய்விடும். காரக் கரைசலின் வீரியம் அதிகமானால் பெட் அரிபடும். தேடுகிற பொருளைச் சுத்தம் செய்யும்போதே இழந்துவிடலாம் என்பது நிலைமை.

மிஞ்சியதை அடையாளம் காண்பதில்தான் பெரிய சண்டையே. வெறும் நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினால் பருத்தி நூலும் வேர்த்துணுக்கும் பிளாஸ்டிக் கணக்கில் ஏறிவிடும். துகள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் விதத்தை, அதாவது அதன் நிறமாலையைப் பார்த்துப் பொருளை அடையாளம் காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். கருவியை, துகள் 10, 20 மைக்ரான் அளவுக்குச் சிறிதாகும் வரை நம்பலாம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலை வைத்து இயங்கும் ராமன் கருவி 1 மைக்ரான் அளவுக்கும் இறங்கும், ஆனால் மண்ணின் மட்குக் கறை கொஞ்சம் இருந்தாலும் தடுமாறும். மாதிரியைச் சூட்டில் சிதைத்து வாயுவை ஆராயும் முறை எண்ணிக்கையைச் சொல்லாது, எடையைச் சொல்லும். மண்ணில் இயற்கையாக உள்ள கொழுப்புகளும் சிதையும்போது பாலித்தீன் மாதிரியே பொருள்களைத் தருவதால் கணக்கு கூடிவிட வாய்ப்பு உண்டு. ஒரு லேப் கிலோவுக்கு இத்தனை துகள் என்கிறது, இன்னொன்று இத்தனை மில்லிகிராம் என்கிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது கையுறை விவகாரம். மாதிரி அழுக்காகக் கூடாது என்றுதான் கையுறை போடுகிறோம். அந்தக் கையுறையிலிருந்து உதிரும் ஸ்டியரேட் என்ற பூச்சுப் பொருளின் நிறமாலை பாலித்தீன்போலவே இருப்பதால் தவறான கணக்கு வரும் என்று 2020இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். எம்.எஸ்சி. புராஜெக்டில் மூன்று மாதம் நீல நிற இழைகளை எண்ணினார். கடைசியில் மண்ணே போடாமல் வெறும் கரைசலை வைத்து அதே சோதனையைச் செய்தபோது, அதிலும் அதே நீல இழை. அவர் சுடிதாரிலிருந்து உதிர்ந்தவை. அழுதுகொண்டுதான் வந்தார். கண்டதை அப்படியே ஆய்வறிக்கையில் எழுதச் சொன்னேன், எழுதினார். பின்னால் ஒரு மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாட்டு நேர்காணலில் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் வெகுநேரம் கேட்டார்களாம். இன்று அவருக்கு அங்கேதான் வேலை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நுண்பிளாஸ்டிக் நிபுணர் தேவை" என்று விளம்பரம் வரும் என எதிர்பார்க்காதீர்கள். அளக்கும் முறை சரியா என்று சோதிக்கத் தெரிந்த வேதியியல் பட்டதாரிக்கு மருந்து, உணவு, குடிநீர் சோதனைக்கூடங்களில் இடம் உண்டு. அப்புறம், முறைகளை ஒழுங்குபடுத்தும் வேலையே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சுற்றுச்சூழலில் நுண்பிளாஸ்டிக்கை ஆராய்வதற்கான பொதுக் கோட்பாடுகளை சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2023இல்தான் வெளியிட்டது. குடிநீரில் அளக்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் வகுத்தது. அதே ஆண்டு நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் லக்னோ நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம், கொச்சி மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், பிட்ஸ் பிலானி ஆகியவற்றோடு சேர்ந்து உணவுக்கான சோதனை முறைகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மண் இந்த வரிசையில் பின்தங்கியிருக்கிறது. உங்கள் மகளுக்கு அங்கே செய்ய வேலை இருக்கிறது.

ஒரு மாற்றம் மட்டும் சொல்வேன். எம்.எஸ்சி.யை வேதியியலிலேயே செய்யட்டும், பகுப்பாய்வு வேதியியல் கிடைத்தால் இன்னும் நல்லது. புராஜெக்டை மண்ணில் எடுத்துக்கொள்ளலாம். வேதியியல் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வுகள் இரண்டும் எழுதலாம். பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வும் கையில் இருக்கும். சுற்றுச்சூழல் அறிவியல் பட்டத்துக்குப் பள்ளியில் அந்த வழி கிடையாது. நெட்டில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி. காலத்தில் வீட்டுக்குப் பாரமாக இருக்க மாட்டார்.

ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரை, அதாவது கைடைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். லேப் பெரிதா, கருவி புதிதா என்று பார்ப்பதைவிட, மண் போடாத பிளாங்க் சோதனை ஒவ்வொரு முறையும் செய்கிறார்களா என்று கேட்கட்டும். சுத்தமான மண்ணில் நூறு துகளைத் தாங்களே போட்டு எத்தனை திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்திருக்கிறார்களா, அதிலும் சின்னத் துகள், களிமண் வைத்துப் பார்த்தார்களா என்றும் கேட்கட்டும். பெரிய துகளை மணலில் போட்டு எடுத்தால் யாருக்கும் நல்ல எண் வரும். எண்ணியவற்றில் எத்தனையை நிறமாலையில் உறுதிசெய்தார்கள், கருவி சொந்தமா வெளியே அனுப்புகிறார்களா என்பதும் முக்கியம். இதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்லி, தோற்றுப்போன சோதனையின் நோட்டையும் எடுத்துக் காட்டுகிற பேராசிரியர் கிடைத்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

பேராசிரியரைப் பார்க்க அடுத்த வாரம் இருவருமாகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உள்ளே மகளே போய்க் கேட்கட்டும்.