தொற்றுக்குப் பிறகு டிரான்ஸ்போசான் ஆர்என்ஏ கூடினால் அது தாவுகிறது என்று அர்த்தமா?

இல்லை. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியாவைச் செலுத்திய உங்கள் ஸீப்ரா மீன் லார்வாக்களில் டிரான்ஸ்போசான் (ஜீனோமில் இடம் மாறக்கூடிய டிஎன்ஏ துணுக்கு) ரீடுகள் (ஆர்என்ஏ வரிசையாக்கத்தில் படித்த சிறு துண்டுகள்) கூடியதை மட்டும் வைத்து, அவை ஜீனோமில் இடம் மாறின என்று எழுதிவிடாதீர்கள். ஆர்என்ஏ கூடுவது வேறு, டிஎன்ஏ தாவுவது வேறு.

பெரும்பாலும் காரணம் அந்தத் துணுக்கு உட்கார்ந்திருக்கும் ஜீன்தான். ஸீப்ரா மீன் ஜீனோமில் பாதிக்கு மேல் இந்த நகரும் துணுக்குகள்தான், நிறைய இன்ட்ரானுக்குள்ளேயே (ஜீனின் ஆர்என்ஏவிலிருந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) கிடக்கின்றன. தொற்றில் எம்எம்பி9 மாதிரி ஜீன்கள் எகிறும்போது, இன்ட்ரான் நீங்காத ஆர்என்ஏவில் உள்ள துணுக்கும் சேர்த்து எண்ணப்படும். உங்கள் பட்டியலில் டிஎன்ஏ டிரான்ஸ்போசான்களே (ஆர்என்ஏ நகல் இல்லாமல் டிஎன்ஏவாகவே நகரும் வகை) அதிகம் என்கிறீர்கள். இந்த மீனில் அதிகம் இருப்பதும் அவைதான், அதனால் என் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

1. அதிகம் ஏறிய சில இடங்களை ஐஜிவியில் (ரீடுகளை ஜீனோம் மீது வைத்துக் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். ரீடுகள் துணுக்கின் எல்லையோடு நிற்கின்றனவா, இரு பக்கமும் இன்ட்ரான் நெடுக ஓடுகின்றனவா? ஓடினால் அது ஜீனின் ஆர்என்ஏ.

2. லைப்ரரி (வரிசையாக்கத்துக்குத் தயாரித்த மாதிரி) ஆர்என்ஏ எந்த இழையிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவதாக இருந்தால், ரீடின் திசை ஜீனோடு பொருந்துகிறதா, துணுக்கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். டிஎன்ஏஸ் (ஆர்என்ஏவோடு கலந்த டிஎன்ஏவை அழிக்கும் நொதி) போட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் தாண்டி எல்டிஆர் வகை (ஆர்என்ஏ நகல் வழியே பரவும் டிரான்ஸ்போசான்) ஏதாவது நின்றால் விடாதீர்கள். அவற்றுக்குச் சொந்தப் புரொமோட்டர் (ஆர்என்ஏ உருவாவதைத் தொடங்கும் பகுதி) உண்டு, அது உண்மையான நோயெதிர்ப்புத் தூண்டலாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: முழு லார்வாவை அரைத்து எடுத்த ஆர்என்ஏ என்றால், செல்களின் விகிதம் மாறியதும் இப்படித்தான் தெரியும். அப்புறம், பல இடங்களில் பொருந்தும் ரீடுகளைத் தூக்கிவிட்டால் ஒன்றுபோல் இருக்கும் இளம் (அண்மையில் உருவான) டிரான்ஸ்போசான் பிரதிகள் கணக்கிலேயே வராது.