செவ்வாயும் வியாழனும்

அன்புள்ள சார்,

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். காசநோய்க் கிருமி மனித செல்லுக்குள் எப்படிப் பதுங்கி வாழ்கிறது என்பது என் ஆய்வு. எங்கள் பல்கலைக்கழகம் கூட்டாளியாக இருக்கும் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருடம் வேலை செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. சம்பளம் பல்கலைக்கழகமே தரும். வகுப்புகளை விடாமல் செவ்வாய், வியாழன் மட்டும் அங்கே போய்வருவதாகத் துறைத் தலைவரிடம் பேசி வைத்திருக்கிறேன். என் தயக்கம் வேறு. எனக்கு நாற்பத்தொரு வயது. பதினைந்து வயது இளைய ஒரு பையனிடம் புதிய நுண்ணோக்கி முறையைப் பழக வேண்டும். கட்டுரைகளில் என் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதும் தெரியவில்லை. போகலாமா? அறிவியலைத் தமிழில் எழுதவும் ஆசை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

எஸ்., லண்டன்

அன்புள்ள எஸ்.,

போங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு வரிதான் என்னைக் கடித்தது. 'செவ்வாய், வியாழன் மட்டும்.' ஏதோ சாமான்யமான ஏற்பாடு மாதிரி அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

கொஞ்ச நாளாக, வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்ட கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். லண்டனின் வடக்கே மில் ஹில்லில் பிரிட்டனின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனம் இருந்தது. மனித இன்ஃப்ளுயென்ஸா வைரஸை 1933ல் பிரித்தெடுத்தவர்கள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்தான். 1956ல் சூரிச்சிலிருந்து ஜான் லிண்டென்மன் என்ற இளைஞர் அங்கே வருகிறார். ஒரு வருட உதவித்தொகை. அவருக்குக் கொடுத்த வேலை வேறு, அது சரியாக வரவும் இல்லை. ஒருநாள் தேநீர் வேளையில், அங்கே வேலை செய்த அலிக் ஐசக்ஸ் என்ற வைரஸ் ஆய்வாளருடன் பேச்சு வருகிறது. ஒரு வைரஸ் தொற்றிய செல்லில் இன்னொரு வைரஸ் ஏன் வளர முடிவதில்லை? இருவருக்கும் அதே கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது தெரியவருகிறது. சூட்டில் செயலிழக்க வைத்த இன்ஃப்ளுயென்ஸா வைரஸை எடுத்துக்கொண்டு, கோழிக் கருவைச் சுற்றியிருக்கும் சவ்வில் சோதனை செய்கிறார்கள். அந்தச் சவ்வு ஊறிய திரவத்தைப் புதிய சவ்வின்மேல் விட்டால் அதற்கும் பாதுகாப்பு வருகிறது. செல்லே எதையோ சுரக்கிறது! அதற்குத்தான் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். 1957ல் கட்டுரை வெளிவந்தது. பலர் நம்பவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டது என்ற அர்த்தத்தில் 'மிஸ்இன்டர்பிரெட்டான்' என்று கேலி செய்தவர்களும் உண்டு. பின்னால் அது ஹெபடைடிஸ் சி நோய்க்கு மருந்தானது.

இதில் இன்னொரு விஷயம். ஐசக்ஸும் சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் கிளாஸ்கோ, ஷெஃபீல்டு எல்லாம் விட்டு மெல்பர்னுக்குப் போய் பர்னெட் என்ற வைரஸ் ஆய்வாளரின் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஒரு வைரஸ் இன்னொன்றைத் தடுப்பது பற்றிய கேள்வியே அங்கேதான் அவரைப் பிடித்தது. ஆக அந்தத் தேநீர் மேசையில் உட்கார்ந்திருந்த இருவருமே தம் இடத்தைவிட்டு வேறு இடத்தில் போய் முழுசாக இருந்து பார்த்தவர்கள்.

இப்போது சொல்லுங்கள், லிண்டென்மன் செவ்வாய், வியாழன் மட்டும் வந்திருந்தால்? அந்தப் பேச்சு ஒரு திங்கட்கிழமை நடந்திருந்தால்?

மில் ஹில் நிறுவனம்தான் பிறகு கிரிக்கோடு இணைந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2016ல் திறந்த அந்தக் கட்டடத்தில் துறைகளே கிடையாது. வைரஸ்காரரும் புற்றுநோய்க்காரரும் ஒரே தளத்தில். இளம் குழுத் தலைவர்களுக்குக் கூடப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இடமில்லை, ஆறும் ஆறும் முடிந்ததும் வேறு இடத்துக்குக் கிளம்ப வேண்டும். எல்லாரும் ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளட்டும் என்றே கட்டிய இடம். அங்கே வாரத்தில் இரண்டு நாள் போய், கதவருகே பேட்ஜ் காட்டி, கருவிக்கு முன்பதிவு செய்த நேரத்தில் வேலையை முடித்து, ரயில் பிடித்து வந்தால் உங்களுக்குக் கிடைப்பது கருவி மட்டும். கருவிக்கு வாடகை கட்டியே வேலை முடித்திருக்கலாமே.

அப்புறம் உங்கள் கிருமி. காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதற்கு உங்கள் வகுப்பு அட்டவணை தெரியாது. நீங்கள் பழகப் போகும் முறையோ, ஒரே செல்லை முதலில் ஒளி நுண்ணோக்கியிலும் பிறகு மின்னணு நுண்ணோக்கியிலும் பார்ப்பது என்று ஊகிக்கிறேன். செல்லை நிலைப்படுத்தி, கன உலோகச் சாயமேற்றி, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் நானோமீட்டர் கணக்கில் சீவி எடுப்பதற்குள் நாட்கள் போய்விடும். அந்தச் சீவலை நீரில் மிதக்கவிட்டு வலைத்தகட்டில் அள்ளுவது கைப்பழக்கம். தோசை மாவைக் கல்லில் விரிக்கிற மாதிரி, யாராவது சொல்லிக்கொடுத்தால் பாதி, தினமும் செய்தால் மீதி. புதன்கிழமை உங்கள் மாதிரியை யார் பார்ப்பார்கள்? அந்தப் பதினைந்து வயது இளையவர்தான். வருடக் கடைசியில் கட்டுரையில் பெயர் எங்கே வரும் என்று கவலைப்படுகிறீர்கள். வியாழனில் வந்து எட்டிப்பார்ப்பவரின் பெயர் எங்கே வர வேண்டுமோ அங்கே வரும்.

கோபம் வரட்டும், பரவாயில்லை. எனக்கும் இதில் ஒரு பழைய கோபம் இருக்கிறது.

எழுத வருவதற்கு முன் நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். எங்கள் மேடம் வெளிநாட்டில் ஒரு வருடம் செல் வளர்ப்பு கற்றுக்கொண்டு திரும்பினார். அங்கே காலையிலிருந்து இரவு வரை அந்த வேலையாகவே இருந்தவர். வந்த முதல் வாரம், போயிருந்த வருடத்துக் கணக்கெல்லாம் தீர்க்கிற மாதிரி வகுப்புகளும் தேர்வு மேற்பார்வையும் அவர் தலையில் ஏறின. செல்லுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். மேடம் தேர்வு அறையில் நடந்துகொண்டிருப்பார், குடுவைகளில் திரவம் மஞ்சளாகும். எனக்குக் கற்றுத்தரச் சாய நீரை வைத்துப் பிப்பெட் பழக்கினார். பழகிவிட்டேன். ஆனால் விடுமுறையில் செல் வளர்க்கும் இன்குபேட்டரின் வாயு சிலிண்டர் தீர்ந்தால் புதிது வாங்கக் கையெழுத்துப் போட ஆளில்லை. ஒவ்வொரு தடவையும் செல்கள் செத்தன. கொஞ்ச காலத்தில் அவர் முயற்சியை விட்டார். அந்த இன்குபேட்டர் முப்பத்தேழு டிகிரியில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மதியச் சாப்பாட்டு டிபன் பாக்ஸ் வைத்தார்கள். யார் வைத்தது என்று சொல்லமாட்டேன். சாம்பார் சூடாகத்தான் இருந்தது.

எவ்வளவு கெட்டிக்காரப் பெண்மணி! பாதி நேரத்தில் அவரைக் கொன்றார்கள். உங்களை யாரும் கொல்லவில்லை, நீங்களே துறைத் தலைவரிடம் போய்ப் பாதி நேரம் கேட்டிருக்கிறீர்கள்.

ஏன் இந்தக் கூச்சம்? கிரிக்கைத் தொடங்கும்போது உங்கள் ஊரின் மூன்று பல்கலைக்கழகங்கள், யுசிஎல், இம்பீரியல், கிங்ஸ், ஆளுக்கு 40 மில்லியன் பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டன. நீங்கள் பங்காளி வீட்டு ஆள். விருந்தாளி போல ஓரமாக உட்கார்ந்து எழுந்து வருவதற்கா அவ்வளவு பணம்? வகுப்பெடுக்க ஒரு வருடத்துக்கு மாற்று ஆள் போட முடியாத துறை என்றால் அது துறைத் தலைவரின் கவலை.

வயதைப் பற்றிச் சொன்னீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு உயிரியலை மறுபடி மாணவராகப் படித்தவர். அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நல்ல வேலையில் இருக்கும்போது, நாற்பதை ஒட்டிய வயதில், 1991ல் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கு ஒரு வருட விடுப்பில் போனார். மூலக்கூறின் வடிவத்தைப் படிகத்திலிருந்து கண்டறியும் படிகவியல் கற்றுக்கொள்ளத்தான். பிறகு, செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் வடிவத்துக்காக 2009ல் நோபல். உங்களுக்கு நோபல் வரும் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வயதுப் பையன் 'இப்படிப் பிடிங்க' என்று கையைத் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள் என்கிறேன். அவனுக்கும் அது பெருமையாக இருக்கும், ஊருக்கு போன் பண்ணிச் சொல்வான்.

தமிழில் அறிவியல் எழுதுவது பற்றி இன்னொரு நாள். முதலில் எழுத ஏதாவது பாருங்கள்.

துறைத் தலைவருக்கு மறுபடி எழுதுங்கள், ஐந்து நாளும் வேண்டும் என்று. அனுப்பும் முன் நகலை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். உங்கள் ஆங்கிலத்தில் கை வைக்கமாட்டேன். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்', 'முடிந்தால் மட்டும்' என்று வரும் வரிகளை அடித்துவிடுவேன், அவ்வளவுதான்.

அன்புடன்