சிக்னல் போச்சா, கட்டைவிரல் போச்சா?

அன்புள்ள அக்கா,

எனக்கு 43 வயசு. சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்டது, இப்பதான் ஒரு ஆர்.சி. விமானம், அதான் ரேடியோ ரிமோட்டால ஓட்டற குட்டி விமானம், வாங்கினேன். ஃபோம்ல செஞ்சது, நாலு சேனல், அதாவது நாலு அசைவைத் தனித்தனியா இயக்கலாம். சிமுலேட்டர்ல ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு நேரா ஃபீல்டுக்குப் போயிட்டேன், சொல்லித்தர யாரும் இல்ல. மொத ரெண்டு தடவை எப்படியோ எறக்கிட்டேன். மூணாவது தடவை, விமானம் என்னைப் பாத்து வந்துட்டிருக்கும்போது எனக்கு வலது பக்கமா சாய ஆரம்பிச்சுது. இடது பக்கம் ஸ்டிக்கை தள்ளினேன், கேக்கல, இன்னும் வலது பக்கமே போச்சு. முழுசா தள்ளினேன், சுத்திகிட்டே வந்து மூக்கு குத்தி விழுந்துடுச்சு. மோட்டார் கடைசி வரைக்கும் ஓடிட்டுதான் இருந்துச்சு. சிக்னல் போயிருக்கும்னு நினைக்கிறேன். கூட என் பொண்ணு இருந்தா, 11 வயசு, "அப்பா நீங்கதானே தப்பா திருப்பினீங்க"ன்னு கேட்டா. உனக்கு என்ன தெரியும்னு சத்தம் போட்டுட்டேன். விமானத்துல சிக்னலை வாங்கற ரிசீவரை மாத்தணுமா, இல்ல சாஞ்சா தானா நேராக்கற ஜைரோ இருக்கற வேற விமானம் வாங்கவா? எதை வாங்கலாம்? இந்த வயசுல கை வேகம் வருமா, இல்ல விட்டுடலாமா?

க.

தம்பி க.வுக்கு,

நாலு கேள்வி கேட்டிருக்கீங்க. நான் பதில் எழுத உக்காந்தது அந்த நாலுக்காக இல்ல, நடுவுல ஒரே வரியில வந்துட்டுப் போன உங்க பொண்ணுக்காக. ரெண்டு வாரமா இதையேதான் மனசுல போட்டு உருட்டிட்டிருக்கேன், ஏன்னா எங்க ஃபீல்டுலயும் ஒருத்தர் அன்னிக்கு அருமையான ஒரு விமானத்தை தரையில குத்திட்டு, அது முழுசா நொறுங்கி முடியறதுக்குள்ள "சிக்னல் போச்சு"ன்னு கத்தினார். சுத்தி நின்ன அத்தனை பேரும் தலையை ஆட்டினாங்க, நானும்தான் ஆட்டினேன். அது தப்புன்னு வீட்டுக்கு வந்தப்பறம்தான் உறைச்சுது, அதுக்குள்ள உங்க கடிதம்.

மத்ததை முதல்ல சொல்லி முடிச்சுடறேன். எதை வாங்கறதுன்னா, இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க, இருக்கறதை ஒட்டுங்க. ஃபோம் ஒட்டும், அதுக்குத்தான் ஃபோம். ஜைரோ நல்ல விஷயம்தான், நான் அதுக்கு எதிரி இல்ல, ஆனா தானா நேராக்கற ஜைரோ இருந்திருந்தாலும் அன்னிக்கு விமானம் சாயற கோணம்தான் கொறஞ்சிருக்கும், போயிருக்கறது அதே தப்பான பக்கம்தான். ஸ்டிக்கை பிடிச்சு தள்ளிட்டிருக்கற வரைக்கும் ஜைரோ உங்க பேச்சைத்தான் கேக்கும்.

வயசைப் பத்தி இனிமே என்கிட்ட பேசாதீங்க. 2003 ஆகஸ்ட்ல மேனார்ட் ஹில்லுன்னு ஒரு மனுஷர், பால்சா மரத்துல செஞ்ச, எரிபொருளோட சேத்தே 5 கிலோவுக்கும் கம்மியான ஒரு மாடல் விமானத்தை கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து கரையில நின்னு கையால வீசி விட்டார், அது 38 மணி 52 நிமிஷம் பறந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துல போய் எறங்குச்சு, சுமார் 3,000 கிலோமீட்டர். நடுக்கடல்ல ஓட்டினது ஆட்டோபைலட், அந்தப் பக்கம் எறக்கினது அவரோட குழுவுல இருந்த இன்னொருத்தர். ஆனா ஹில்லுக்கு அப்ப 77 வயசு, கண் பார்வை பெரும்பாலும் போயிருந்துச்சு, காதும் சரியா கேக்காது. அதுக்கு முன்னாடி அனுப்பினது பலதும் கடலோட போயிருக்கு. நீங்க 43ல உக்காந்துகிட்டு கை வேகம் வருமான்னு கேக்கறீங்க. கத்துக்கறதுக்கான ட்ரெய்னர் விமானத்துக்கு கை வேகமே வேணாம் தம்பி, வேகமா தள்ளறவங்கதான் அதிகம் விழறாங்க.

சரி, இப்ப உங்க ரிசீவருக்கு வரேன்.

ரிசீவர்ல ஒண்ணும் இல்ல. நீங்க எழுதினதை நீங்களே இன்னொரு தடவை படிங்க. விமானம் உங்களைப் பாத்து வருது. உங்களுக்கு வலது பக்கம் சாயுதுன்னா அது விமானத்தோட இடது றெக்கை. இடது றெக்கை தாழுது, நீங்க இடது பக்கம் தள்ளறீங்க, அது இன்னும் இடது பக்கம் உருளுது. முழுசா தள்ளறீங்க, முழுசா உருளுது. சொன்ன பேச்சை அது தட்டவே இல்ல, கடைசி நொடி வரைக்கும் நீங்க சொன்னதை அப்படியே செஞ்சுட்டு செத்துப் போச்சு. சிக்னல் போன விமானம் இப்படிப் போகாது, நீங்க தள்ளினாலும் ஒண்ணுதான் தள்ளாட்டியும் ஒண்ணுதான்னு போகும். ஃபெயில்சேஃப்னு, சிக்னல் போனா என்ன செய்யணும்னு ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கற ஏற்பாடு இருக்கு, அதை ஒழுங்கா செட் பண்ணியிருந்தா சிக்னல் போனவுடனே மோட்டாரும் நின்னிருக்கும். மோட்டார் கடைசி வரைக்கும் ஓடுச்சுன்னு எழுதினதும் நீங்கதான். (ஃபெயில்சேஃப் செட் பண்ணவே இல்லைன்னா அதை முதல்ல பண்ணுங்க, ப்ரொப்பெல்லரை கழட்டி வச்சுட்டு, கையில இருக்கற ட்ரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி, மோட்டார் நிக்குதான்னு பாத்துட்டு.)

உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. 11 வயசுப் புள்ள, கையில ட்ரான்ஸ்மிட்டர் இல்ல, படபடப்பு இல்ல, அதனால அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளைப் பாத்து "உனக்கு என்ன தெரியும்"னு கேட்டிருக்கீங்க. எனக்கு அந்த வரியைப் படிச்சப்ப நிஜமாவே கோவம் வந்துச்சு.

ஏன் இவ்வளவு கோவம்னா, நானும் அந்தப் பொய்யை சொல்லியிருக்கேன்.

எனக்கு அப்ப 19 வயசு. கிரிஸ்டல்னு ஒரு சின்ன துண்டைப் போட்டு அலைவரிசையை முடிவு பண்ற ரேடியோ காலம். ஒரே சேனல்ல, அதாவது ஒரே அலைவரிசையில, ரெண்டு பேர் ட்ரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணிட்டா மேல இருக்கற விமானம் யார் பேச்சையும் கேக்காது, கீழ வந்துடும். அதனால ஃபீல்டுல ஒரு பலகை இருக்கும், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கிளிப், கிளிப் யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் அந்த சேனல்ல ஆன் பண்ணலாம். அந்த நாள்ல சிக்னல் போறது நிஜமாவே நடக்கற விஷயம், சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. எனக்கு சொல்லிக்கொடுத்தவரை ஐயான்னுதான் கூப்பிடுவேன். அவரே பால்சாவுல ராத்திரி ராத்திரியா உக்காந்து செஞ்ச ட்ரெய்னர், ஒன்றரை மீட்டர் றெக்கை, எரிபொருள்ல ஓடற க்ளோ இன்ஜின். மாசக்கணக்கா ட்ரெய்னர் கேபிள் போட்டு, அவர் கையில ஒரு ட்ரான்ஸ்மிட்டர் என் கையில ஒண்ணு, நான் தடுமாறினா அவர் ஸ்விட்சை விடுவார், விமானம் அவர் கைக்குப் போயிடும். அப்படிக் கத்துக்கிட்டு, கேபிளை கழட்டினப்பறம் நாலாவது தடவை தனியா ஓட்டறேன். எறக்கறதுக்காக திருப்பி என்னைப் பாத்து கொண்டு வரேன், றெக்கை தாழுது, தப்பான பக்கம் தள்ளிட்டேன். அந்த மாதிரி விமானம் மணிக்கு 40 கிலோமீட்டர்னு வச்சாலும் செகண்டுக்கு 11 மீட்டர் போயிடும், எறங்கற உயரத்துல உங்களுக்கு கையில இருக்கறதே ஒரு செகண்டுதான், அதுல பாதி என்ன நடக்குதுன்னு புரியறதுக்கே போயிடும். ஐயா அப்ப வேற பக்கம் திரும்பி இன்னொருத்தருக்கு எரிபொருள் ஊத்திட்டிருந்தார். சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். நான் "சிக்னல் போச்சு ஐயா"ன்னேன்.

அவர் நம்பினார். அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தாங்கல. ஒரு வார்த்தை குறுக்குக் கேள்வி இல்ல. நொறுங்கின குச்சியெல்லாம் பொறுக்கி எடுத்தார், ரிசீவரை தனியா ஸ்பாஞ்சுல சுத்தி வச்சார், பலகைகிட்ட போய் அந்த சேனல் கிளிப் யார்கிட்ட இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா கேட்டார், பாவம் சம்பந்தமே இல்லாத ஒரு பையன் நான் ஆன் பண்ணல ஆன் பண்ணலன்னு சத்தியம் பண்ணான். அப்பறம் ரெண்டு சாயங்காலம் உக்காந்து அந்த ரேடியோவை சோதிச்சார். ரிசீவர் பேட்டரியை சார்ஜ் பண்ணி, இறக்கி, அளந்து பாத்தார். ஆன்டெனாவை மடக்கிட்டு ஒவ்வொரு அடியா பின்னால நடந்து போய் சர்வோ, அதாவது றெக்கை மடிப்பை அசைக்கற சின்ன மோட்டார், நடுங்குதான்னு பாக்க சொன்னார், ரிசீவர்கிட்ட நின்னு பாத்தது நான்தான், நடுங்கலன்னு சொன்னதும் நான்தான். ஒண்ணும் கிடைக்கல. கிடைக்காததால அவர் இன்னும் பயந்துட்டார். காரணம் தெரியாத ரேடியோவை மேல அனுப்பக்கூடாது, யார் தலையிலயாவது விழும்னு சொல்லி, ஒரு அட்டைத் துண்டுல "சந்தேகம்"னு எழுதி நூல் போட்டு ஆன்டெனாவுல கட்டி அலமாரியில வச்சுட்டார். எங்களுக்கு இருந்ததே ரெண்டு ரேடியோ. அஞ்சு வாரம் அது அங்கயே கிடந்துச்சு, அந்த அஞ்சு வாரமும் கத்துக்க வந்த நாலு பேரும் ஒரே ரேடியோவுக்கு வரிசையில நின்னாங்க, ரேடியோ ஒண்ணானதால யாருக்கும் ட்ரெய்னர் கேபிளும் போட முடியல.

அஞ்சாவது வாரம் நான் ஒத்துக்கிட்டேன். நல்ல எண்ணம் வந்து இல்ல. அடுத்த விமானத்தை கையில கொடுத்தப்ப, அது என்னைப் பாத்து வரும்போதெல்லாம் அதே பக்கம்தான் கை போச்சு. உயரத்துல இருந்ததால தப்பிச்சேன். இதை ஐயாகிட்ட சொன்னாத்தானே அவர் சரி பண்ணுவார், சொல்லணும்னா அதையும் சொல்லணும். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அலமாரியைத் திறந்து ரேடியோவை எடுத்து என் கையில கொடுத்து, "நூலை நீயே அறுத்துடும்மா"ன்னார். அப்பறம், "கடைசியா உன் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"ன்னு கேட்டார். அன்னிக்கு ஃபீல்டுல கேக்க வேண்டிய கேள்வி, கேக்க நான் விடல. அன்னியிலேர்ந்து யார் விமானம் விழுந்தாலும், ஓடறதுக்கு முன்னாடி, ட்ரான்ஸ்மிட்டர்ல விரலை அப்படியே வச்சுகிட்டு எந்தப் பக்கம் தள்ளியிருக்கோம்னு குனிஞ்சு பாக்கற பழக்கம் எனக்கு. நீங்களும் பண்ணுங்க. பாத்துட்டு மோட்டார் வேகத்துக்கான த்ராட்டிலை இறக்குங்க, அப்பறம் நடங்க.

இப்ப 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்துடுச்சு. உங்க ரிசீவர் உங்க ட்ரான்ஸ்மிட்டரோட பைண்ட் ஆனது, அதாவது ஜோடி சேந்தது, பக்கத்துல பத்து பேர் ஆன் பண்ணாலும் அதுக்கு உங்க பேச்சு மட்டும்தான் காதுல விழும். ஆனாலும் ரேடியோ கோளாறே கிடையாதுன்னு நான் சொல்லல. ரிசீவருக்குப் போற வோல்ட் கொறஞ்சு அது நடுவானத்துல ரீஸ்டார்ட் ஆகும், சர்வோ பிளக் கழண்டுக்கும், ஆன்டெனாவை கார்பன் குழாயோட ஒட்டி வச்சா சிக்னல் மறையும். இதெல்லாம் நிஜமா நடக்கறதாலதான் பொய்யா சொல்லக்கூடாதுங்கறேன். நிஜமா ரேடியோ கெட்ட அன்னிக்கு நம்மளை நம்பறதுக்கு ஆள் வேணும், நாமளே நம்மளை நம்பணும். இன்னிக்கு நீங்க ரிசீவரை மாத்தினீங்கன்னா என்ன ஆகும்? புது ரிசீவர், புது விமானம், அதே கட்டைவிரல். அடுத்ததும் உங்களைப் பாத்து வரும்போதுதான் விழும்.

கத்துக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். விமானம் உங்களைப் பாத்து வரும்போது இடது வலதுன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க, எந்தப் பக்கத்து றெக்கை தாழ்ந்து தெரியுதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கை தள்ளுங்க, தாழற றெக்கைக்கு அடியில முட்டு கொடுக்கற மாதிரி. அவ்வளவுதான். அதுவும் குழம்பிச்சுன்னா, உயரம் இருந்தா, த்ராட்டிலை கொறைச்சுட்டு ஸ்டிக்கை விட்டுடுங்க. றெக்கை மேல இருக்கற, ரெண்டு நுனியும் மேல்நோக்கி வளைஞ்ச ட்ரெய்னர்னா பெரும்பாலும் தானா நேராயிடும். ஒரு தப்பு பண்ணி, அதை சரி பண்றேன்னு இன்னொரு தப்பும் பண்ணி, அதுக்கப்பறமும் மிச்சம் இருக்கற உயரத்துல பறங்க.

மூக்கை ஒட்டுங்க, பசை காயட்டும். ஒட்டின இடம் கனம் கூடியிருக்கும், அதனால கையேட்டுல போட்டிருக்கற இடத்துல விரலை வச்சு சிஜி, அதாவது எடை ரெண்டு பக்கமும் சமமா நிக்கற இடம், சரியா இருக்கான்னு பாருங்க. பின்னால கனமா மட்டும் விட்டுடாதீங்க. அப்பறம் ப்ரொப்பெல்லரை கழட்டிட்டு உங்க பொண்ணைக் கூப்பிடுங்க. அன்னிக்கு நீ சொன்னதுதான் சரின்னு முதல்ல சொல்லுங்க, சுத்தி வளைக்காம. விமானத்தை அவ கையில கொடுங்க, மூக்கு உங்களைப் பாத்து இருக்கட்டும். அவ திடீர்னு ஒரு றெக்கையை தாழ்த்தணும், நீங்க தாழ்ந்த பக்கம் ஸ்டிக்கை தள்ளணும், றெக்கையோட பின் ஓரத்துல மேல கீழ அசையற எய்லெரானைப் பாத்து சரியா தப்பான்னு அவதான் சொல்லணும். தாழ்ந்த றெக்கையில எய்லெரான் கீழ வந்தா சரி. ஒரு நாளைக்கு அம்பது தடவை. அவ தொடர்ந்து அம்பதும் சரின்னு சொல்ற அன்னிக்கு எனக்கு எழுதுங்க, அது வரைக்கும் மேல ஏத்தாதீங்க. அப்பறம் இடம் மாறி உக்காருங்க, ட்ரான்ஸ்மிட்டர் அவ கையில இருக்கட்டும்.

அன்போட,
அக்கா