மான் வேட்டையில் குறுக்குவில்லைச் சிலர் ஏன் எதிர்க்கிறார்கள்?

குறுக்குவில் என்பது ஒரு கட்டையில் படுக்கைவாட்டில் பொருத்திய வில். நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால், விசையைத் தட்டும்வரை அது அப்படியே நிற்கும். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்காரர்களுக்குள் நடக்கும் சண்டையெல்லாம் இந்தக் கொக்கியைச் சுற்றித்தான்.

கைவில் என்றால், மான் 20 கஜத்துக்குள் வந்தபிறகு அதன் கண்ணெதிரே நாணை இழுக்க வேண்டும். அந்த அசைவிலேயே பல மான்கள் ஓடிவிடும். 50 பவுண்டு இழுவையை நடுங்காமல் பிடிக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். கிணற்றில் நிறைகுடத்தைப் பாதி தூரம் இழுத்து, கயிற்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பது கைவில். கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு நிற்பது குறுக்குவில். (கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் முழுக்க இழுத்ததும் பாரம் பெருமளவு குறைந்துவிடும். குறுக்குவில்லை எதிர்ப்பவர்கள் அதைப் பாரம்பரியம் என்று கொண்டாடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.)

வயதானவர்களும் தோள் வலி உள்ளவர்களும் காட்டுக்கு வர முடிகிறது என்பது ஆதரவாளர் கட்சி. விஸ்கான்சின் மாநிலம் 2014-இல் குறுக்குவில்லுக்கெனத் தனி வேட்டைப் பருவமே ஒதுக்கியது. கூட்டம் கூடும், பயிற்சிக்கு மதிப்பில்லாமல் போகும் என்பது எதிர்க்கட்சி.

குறுக்குவில்லிலும் வில்லங்கம் உண்டு. வில்லை முன்னால் தாங்கும் கையின் கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்கு மேலே நீண்டிருந்தால் விரல் போய்விடும். அம்பு வைக்காமல் விசையைத் தட்டினால் வில்லே உடையலாம்.

இது துப்பாக்கிக்குச் சமம் என்று நினைப்பது தவறு: அம்பு நொடிக்குச் சுமார் 400 அடிதான் போகும், ஒலியோ 1,100 அடி போகும். அதனால் 60 கஜத்தில் நாண் சத்தம் அம்பை முந்திக்கொள்ள, மான் குனிய, அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடும்.